வெளியில் சொல்லாமல் கேட்கும் ஆல்பங்கள்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

காட்பாடியில் என் வீட்டில் பழைய கேசட் டெக் ஒன்றும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. தெரிந்தவர்கள் கொண்டுவரும் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் "அம்மாவுக்கு வேணும்னாங்க", "மாமனார் கேட்டார்" என்று சொல்லித்தான் பையை நீட்டுவார்கள். பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஒரு வரி விடாமல் கூடவே முணுமுணுப்பவர்களும் அவர்கள்தான். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

"நீங்க சொல்ற ஆல்பம்னா இன்னா? பழைய பாட்டு எல்லாமே இதுல வருமா?"

வராது. பழைய சினிமாப் பாட்டு கேட்பதை இன்று யாரும் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். நான் சொல்வது விருந்தாளி வந்தால் நிறுத்திவிடும் பாட்டுகள். ஆடி மாத அம்மன் கேசட், ஐயப்பன் கேசட், நாகூர் ஹனிபா, ஜெபக்கூட்டப் பாட்டு, கிராமியப் பாட்டு, சினிமாக் கதை வசனக் கேசட், தெருக்கூத்துக் கேசட், 90களின் சில சினிமாப் பாட்டுத் தொகுப்புகள் எல்லாம் இதில் அடங்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பத்திரிகைகளில் விமர்சனம் வந்ததில்லை, விருதும் அரிது. ஆனால் நம் வீடுகளில் தேய்ந்துபோன கேசட் எது என்று பார்த்தால் இவைதான் இருக்கும். அதனால்தான் இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன்.

"உண்மையைச் சொல்லுங்க சார், இதெல்லாம் மட்டமான பாட்டுதானே? சங்கீதம் தெரிஞ்சவங்க கேப்பாங்களா?"

கேட்கிறார்கள். பாடியவர்களும் வாசித்தவர்களும் யார் என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 'கிருஷ்ண கானம்' கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்தது. டி.எம்.சௌந்தரராஜனும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் அதில் பாடியிருக்கிறார்கள். சினிமாவில் நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே கூட்டணிதான். படம் இல்லாததால் மட்டும் அது 'சாமி பாட்டு' என்று ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்தை ஒன்றுகூடச் சிதையாமல், மூச்சு வாங்குவது தெரியாமல், அவ்வளவு நீளமான பாடலை இரண்டு பேர் ஒரே குரலாகக் கொண்டுபோகிறார்கள். எத்தனை கச்சேரிகளில் அதைக் கேட்டுவிட முடியும்?

எல்லாமே உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே மெட்டைப் பத்து சாமிக்கு மாற்றிப் போட்ட கேசட்டுகளும் வந்தன, அவசரத்தில் பதிவு செய்தவையும் வந்தன. ஒரு பாட்டு எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாலாட்டைக் கச்சேரி மேடையில் வைத்து மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

"அம்மன் பாட்டெல்லாம் ஏன் அவ்ளோ கீச்சுனு இருக்கு? ஹெட்போன்ல கேட்டா காது வலிக்குது."

ஏனென்றால் அது ஹெட்போனுக்காகப் பதிவு செய்த பாட்டு அல்ல. தென்னை மரத்திலோ கோவில் வேப்ப மரத்திலோ கட்டிய குழாய் ஸ்பீக்கரில் போட்டு, ஊர் எல்லை வரைக்கும் கேட்க வேண்டும் என்று செய்தது. கூம்பு வடிவக் குழாயில் தாழ்ந்த சுருதிகள் கிட்டத்தட்ட வரவே வராது, நடுத்தர ஒலிகள்தான் பலமாக வெளியே வரும். நம் காதும் சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலுக்கும் நாகூர் ஹனிபாவின் குரலுக்கும் அந்தப் பகுதியில் இயல்பாகவே வலு உண்டு. குரலை முன்னால் நிறுத்தி, பம்பையையும் உடுக்கையையும் பின்னால் வைத்து, மற்றதையெல்லாம் மெலிதாக விட்டிருப்பார்கள். ஐம்பது அடி தள்ளி நின்று கேளுங்கள், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும்.

குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போதும், மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்று மணலில் கூட்டம் சேரும்போதும் இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் பாட்டின் வரி தனியாகக் காதுக்கு வந்து சேரும். அதே பாட்டைச் சின்ன அறையில் காதுக்குள் செருகிக் கேட்டால் கூசத்தான் செய்யும். ஹெட்போனில்தான் கேட்டாக வேண்டும் என்றால் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அதைவிடச் சமையலறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்பது நல்லது.

இப்போது இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த விதி தேவையானதுதான், பக்கத்தில் நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் குழாய் ஸ்பீக்கர் குறையக் குறைய, இந்தப் பாட்டுகள் ஏன் இப்படி ஒலிக்கின்றன என்பதை நேரில் உணர்ந்த தலைமுறையும் குறைந்துவருகிறது.

"நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டுன்னா உயிர். வீட்ல சொல்ல முடியல. தப்பா சார்?"

தப்பே இல்லை. எல்.ஆர்.ஈஸ்வரியின் முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் பாடித்தான் தமிழ்நாட்டின் பாதி அம்மன் கோவில்களில் ஆடி மாதம் தொடங்குகிறது. பாடியவருக்கு இல்லாத தடை கேட்பவருக்கு எதற்கு?

இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். விபூதி பூசியவர் ஹனிபா கேசட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ஹனிபா தி.மு.க. மேடைகளிலும் பாடியவர், அதனால் முஸ்லிம்கள் நிறைய இருக்கும் மேல்விஷாரத்துக்கும் ஆம்பூருக்கும் வெளியேயும் எல்லா ஊரிலும் அவர் குரல் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. அருட்தந்தை பெர்க்மான்ஸ் பாடிய 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' கேட்டு நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்ன இந்துப் பாட்டிகளையும் எனக்குத் தெரியும். வேலூர் மாதிரி ஊரில் காலை ஆறு மணிக்குள் பள்ளிவாசல், கோவில், தேவாலயம் மூன்றும் காதில் விழுந்துவிடும். சின்ன வயதில் கேட்ட குரல்மேல் ஒட்டுதல் வருவது இயற்கை. அது மதம் மாறுகிற விஷயம் இல்லை.

"கதை வசனக் கேசட்டையெல்லாம் இசை ஆல்பம்னு சொல்றது ஓவரா இல்ல?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1984இல் வந்த 'விதி' படத்தின் வசனக் கேசட் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் முழுசாக ஓடியது. ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்றக் காட்சி வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தவர்கள் ஏராளம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' தருமி காட்சியும் அப்படித்தான். பேச்சையே பாட்டு மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டோம். எங்கே மூச்சு விடுவார்கள், எங்கே குரல் எகிறும் என்பதெல்லாம் மனப்பாடம். மெட்டு மனசில் நிற்பதும் இப்படித்தான்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. வட ஆற்காடு தெருக்கூத்தின் மண். கூத்துக்குப் பெயர்பெற்ற, செய்யாறு பக்கத்துப் புரிசை, 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலையோடு போய்விட்டது. ஆனால் கூத்து எந்த எல்லைக்கும் கட்டுப்படவில்லை. திரௌபதி அம்மன் கோவில் பாரதத்தில் கர்ண மோட்சம் கேட்டு வளர்ந்தவர்கள் வசனத்தையும் பாட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்க, ஒரே ஆள் பாடி, பேசி, மறுபடி பாடுவார். விடிய விடிய நடக்கும் கூத்தைச் சில கேசட்டுகளுக்குள் சுருக்கும்போது ஆட்டமும் அடவும் காணாமல் போவது உண்மை. குரல் அப்படியே இருக்கிறது. ஒருவர் கொண்டுவரும் பையில் கூத்துக் கேசட் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் நான் ஏற்றுவேன். சாமி பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும். சின்ன ஜமாவின் (கூத்துக் குழுவின்) பதிவுக்கு அந்தக் கேசட்டை விட்டால் வேறு பிரதியே இல்லாமல் போகலாம்.

"ஹாஸ்டல்ல எஸ்.ஏ.ராஜ்குமார் பாட்டு போட்டா பசங்க கலாய்க்கிறானுங்க அண்ணா. நான் இன்னா பண்றது?"

போட்டுக்கொண்டே இரு தம்பி. 'புது வசந்தம்' 1990, 'பூவே உனக்காக' 1996, 'சூர்யவம்சம்' 1997. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுப் பார். கோரஸில் வரும் 'லாலாலா'வைத்தான் கிண்டல் செய்கிறார்கள். அந்தக் கோரஸ் சும்மா வரவில்லை. இந்த மூன்றையும் இயக்கிய விக்ரமனின் படங்களில் கதை ஒரு குடும்பத்தையோ நண்பர் கூட்டத்தையோ சுற்றி ஓடும். அங்கே ஒருவர் துக்கம் எல்லோர் துக்கம். அதைத் தனிக்குரலால் சொல்ல முடியாது. வார்த்தை இல்லாத கூட்டுக்குரல் அந்த வேலையைச் செய்கிறது. எளிமையான மெட்டு, ஒருமுறை கேட்டாலே கூடப் பாடிவிடலாம். எல்லோரும் கூடப் பாட வேண்டும் என்பதற்காகச் செய்த எளிமை அது.

தேவாவையும் இருபது வருடம் முன்னால் இப்படித்தான் பேசினார்கள். இப்போது அவர் கச்சேரிக்கு இளைஞர்கள் கூட்டமாகப் போகிறார்கள். கலாய்க்கிற பசங்களில் யாராவது ஒருவனாவது ராத்திரி தனியாக அதே பாட்டைக் கேட்பான், நம்பு.

"ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆல்பம் போட்டாராமே?"

ஆமாம். 1992இல் 'ரோஜா' வருவதற்கு முன்பே, திலீப் என்ற பெயரில் இருந்தபோது 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமிய பக்திப் பாடல் தொகுப்புக்கு இசையமைத்தார். மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கில ஆல்பமும் அவருடையது. வந்த நேரத்தில் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. எனக்கு இரண்டில் முதலாவதுதான் பிடிக்கும்.

"இதெல்லாம் இப்ப எங்க கிடைக்கும்? லாங் பஜார்ல தேடிட்டேன், ஒண்ணும் இல்ல."

புதுக் கேசட் விற்கும் கடை இனி கிடைக்காது. பெரிய நிறுவனங்கள் வெளியிட்டவை பெரும்பாலும் இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிகளில் இருக்கின்றன, எச்.எம்.வி. முத்திரையோடு வந்தவற்றை சரிகம என்ற பெயரில் தேடுங்கள். பாட்டின் முதல் வரியைவிடப் பாடியவர் பெயரைப் போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஒரே முதல் வரியில் பல அம்மன் பாட்டுகள் இருக்கின்றன.

சின்ன நிறுவனங்கள் வெளியிட்டவற்றுக்கு ஆட்களைத்தான் தேட வேண்டும். முதலில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களைப் பாருங்கள். கோவில் விழாவுக்கு மூன்று நாள் பாட்டுப் போட்டவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பார்கள், பென் டிரைவுக்கு மாறிய பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் மூலையில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம் பழைய தனியார் பஸ் டிரைவர்கள், முன்பு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர்கள். காயலான் கடைக்கும் போகலாம், ஆனால் அங்கே வெயிலில் கிடந்திருக்கும்.

"எங்க நைனா சேர்த்து வெச்ச கேசட்டுங்க பரண் மேல இருக்கு. அது இன்னும் ஓடுமா?"

பெரும்பாலும் ஓடும். பரணில் இருந்தால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். மே மாதத்தில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தகரக் கூரைக்கும் ஓட்டுக்கும் அடியில் அதற்கும் மேலே போகும். வெப்பத்தில் பிளாஸ்டிக் கூடு நெளியும், மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படிப்பட்ட கேசட்டை டெக்கில் போடாதீர்கள், அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சுத்தமாக இருந்தால் உடனே பாட விடாமல், ஒருமுறை கடைசி வரை முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா தளரும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித்துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். அப்போது திருகாணி போட்ட வேறொரு நல்ல கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டைவிட மெல்லியது, சீக்கிரம் சிக்கும், அதைக் கூடுதல் கவனமாகக் கையாளுங்கள்.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் கேசட்டின் மேல் பழி போட வேண்டாம். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஹெட் நாடாவுக்கு நேராக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். பாட்டு ஓடும்போதே மிக மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் தாளச் சத்தம் பளிச்சென்று திறக்கும், அங்கே நிறுத்துங்கள். பிறகு டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டரில் பதியும் முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் கேசட்டில் இருப்பது தவறுதலாக அழியாது.

"நடுவுல ஆயா பேசுறது, குழந்தை அழறது எல்லாம் பதிவாயிருக்கு. அதை வெட்டிட்டு பாட்டை மட்டும் தர முடியுமா?"

முடியும். ஆனால் வெட்டாத கோப்பு ஒன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். ரேடியோ முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்த காலத்தில் வீட்டுச் சத்தமும் கூடவே விழுந்தது. பாட்டு வேறு இடத்தில் தெளிவாகக் கிடைத்துவிடும், உங்கள் ஆயாவின் குரல் இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் கருவிகளையும் அளவோடுதான் பயன்படுத்துவேன். கூடினால் பேச்சின் ஓரங்கள் தேய்ந்துவிடும்.

"ஏத்தின பாட்டை யூடியூப்ல போடலாமா? ரொம்பப் பழசுதானே?"

உங்களுக்காக ஏற்றி வைத்துக் கேட்பது வேறு, எல்லோருக்கும் வெளியிடுவது வேறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1965இல் வெளியான பதிவுக்கு அது 2025 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை இருக்கிறது. அது எழுதியவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு வரை. கண்ணதாசன் மறைந்தது 1981, எம்.எஸ்.வி. மறைந்தது 2015. ஆக மேலே சொன்ன 'கிருஷ்ண கானம்' மாதிரி ஆல்பத்தின் வரிகளுக்கு 2041 வரையும் மெட்டுக்கு 2075 வரையும் உரிமை ஓடும். கேசட் பழசாகிவிட்டதால் பாட்டு பொதுச்சொத்தாகிவிடாது.

"எங்க ஊர் பம்பைக்காரர் பாடின கேசட் ஒண்ணு இருக்கு. கம்பெனி பேரே இல்ல. அதையாவது போடலாமா?"

அவரையோ அவர் குடும்பத்தையோ போய்ப் பாருங்கள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமை உண்டு. சட்டத்தை விடுங்கள், மரியாதைக்காகவே கேட்க வேண்டும். இந்தக் கலைஞர்களுக்குக் கேசட் விற்ற காலத்திலேயே பெரிதாக ஒன்றும் கிடைத்ததில்லை. இப்போதும் பெயர் போடாமல் அவர்கள் பாட்டைச் சுற்றவிடுவது எனக்கு உறுத்துகிறது. சம்மதம் கிடைத்தால் பாடியவர், பம்பை, உடுக்கை, சிலம்பு வாசித்தவர்கள் பெயர், ஊர், எந்தத் திருவிழாவுக்குப் பாடியது என்பதையெல்லாம் எழுதிப் போடுங்கள். ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். தங்கள் கேசட் தங்களிடமே இல்லாத கலைஞர்கள் அதிகம்.

"ஒரே பாட்டு ரெண்டு கேசட்ல இருக்கு, குரல் மட்டும் வேற. அட்டையில ஒரே போட்டோ. எது ஒரிஜினல்?"

80களிலும் 90களிலும் பிரபலமான பாட்டை வேறு பாடகரை வைத்துத் திரும்பப் பதிவு செய்து விற்பது சகஜம், நிபந்தனைகளோடு சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. போட்டோவை நம்பாதீர்கள். சாமி படத்தையோ புகழ்பெற்ற பாடகர் படத்தையோ யார் வேண்டுமானாலும் அச்சடித்தார்கள். அட்டையின் உள்பக்கத்தைப் பிரித்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர், முதலில் வெளியான ஆண்டு ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று 1984இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த கேசட்டில் இவை எதுவும் இல்லையென்றால் அது திருட்டுப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாட்டு கேசட் காலத்துக்கு முந்தையது என்றால் இசைத்தட்டின் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல வழி. தட்டு கிடைக்காவிட்டால் இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டு இடையிசையைக் கவனியுங்கள். மறுபதிவில் பாடகர் அசலைப் போலவே பாட முயல்வார், ஆனால் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே கீபோர்டு இருக்கும். ஒரு விஷயம் மட்டும்: உங்கள் வீட்டில் ஓடியது மறுபதிவு என்று தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அசலைப் பாடியவர் பெயர் எங்கும் பதிவாகியிருக்கிறது. மறுபதிவில் பாடியவர் பெயர் பல நேரம் அந்த ஓர் அட்டையில் மட்டும்தான் இருக்கும், எனவே அட்டையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து பாட்டோடு சேர்த்து வையுங்கள்.